ஜாமீன் கையெழுத்து: சொத்துள்ளவரை மட்டுமே நம்பும் சட்டத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் நாங்கள் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தோம். கோயில் திருவிழாவில் நம் பிள்ளைகளை அடித்ததற்காக பி.சி.ஆர். வழக்கு கொடுத்திருந்தோம். வழக்கம்போல ஊர்த்தெருக்காரர்களும் ஓர் எதிர்வழக்கு கொடுத்தார்கள். அதில் சேரி இளைஞர்கள் நான்கு பேர் உள்ளே போய்விட்டார்கள். ஜாமீன் ஆர்டர் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. நான்கு பேருக்கு எட்டுக் கையெழுத்து. ஏழு பேரைத் தேடிப் பிடித்துவிட்டோம். எட்டாவது ஆள் கிடைக்கவில்லை. மணி மூன்றரை ஆகிவிட்டது. அன்று முடியவில்லை என்றால் ஒரு பையன் மட்டும் திங்கட்கிழமை வரை சிறையில் இருக்க வேண்டும்.

தன் தங்கை மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் வீட்டு வரி ரசீது இருந்தது. "இந்தப் பையனுக்கும் யாரும் இல்ல பெரியம்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்டோம். "வீட்டுக்கு ஒண்ணும் வராதேப்பா?" என்றார். "ஒண்ணும் வராது" என்றோம். அவர் கட்டைவிரல் மையைத் துடைப்பதற்கு எங்களில் ஒருவர்தான் துண்டு கொடுத்தார்.

பதினான்கு மாதம் கழித்து அவருக்கு கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. அந்தப் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. பிடிவாரண்ட் போட்டாகிவிட்டது. ஜாமீன் தொகையை ஏன் உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் அந்தப் பெரியம்மா, நோட்டீசை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்துவிட்டு பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் வந்து தன்னைப் பிடித்துக்கொண்டு போகும் என்று நினைத்திருக்கிறார்.

நாங்கள் அவரிடம் சொன்னது பொய். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்கே சரியாகத் தெரியாது. இயக்க வேலைக்கு வரும் இளைஞர்கள் மாலை போடவும் முழக்கம் எழுதவும் கற்றுக்கொள்வதற்கு முன்பே கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வருகிறது. அங்கே ஒரு கையெழுத்து கேட்கப்படும். அல்லது நாமே பிறரிடம் கேட்போம். அந்தக் கையெழுத்து எங்கிருந்து வந்தது, ஏன் நம் மக்களால் மட்டும் அதை எளிதாகப் போட முடிவதில்லை, போட்டால் எதற்குப் பொறுப்பு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இனி யாரிடமும் கைநாட்டு வாங்கக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

யாரை நம்பலாம் என்ற கேள்வி

'பிணை' என்றால் கட்டு. ஒருவரோடு இன்னொருவரைச் சேர்த்துக் கட்டுவது. 'ஜாமீன்' அரபு, பாரசீகம் வழியாக நம் பேச்சுக்கு வந்த சொல். பொறுப்பேற்பவர் என்பது அதன் பொருள். இரண்டு சொல்லும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இவன் வருவான் என்று இன்னொருவர் பொறுப்பேற்கிறார், வராவிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும்.

இது பழைய வழக்கம். மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில் இதற்கென்று விதிகள் உண்டு. கடன்பட்டவனை ஆஜர்படுத்துவதாகப் பொறுப்பேற்றவன், ஆஜர்படுத்தாவிட்டால் அந்தக் கடனைத் தன் சொத்திலிருந்து கட்ட வேண்டும் என்கிறது அது. அப்படியானால் பொறுப்பேற்பவனுக்குச் சொத்து இருக்க வேண்டும். அதே நூலின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டினால், சூத்திரனுக்குத் திறமை இருந்தாலும் அவன் செல்வம் சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. சண்டாளர்கள் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையும்தான் அவர்களுடைய செல்வம் என்றும் இருக்கிறது.

நம் ஊர்களில் இந்த நூல் அப்படியே சட்டமாக நடந்ததா என்பது வேறு விவாதம். இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் ஏற்பாட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம்பிக்கைக்கு அளவுகோல் சொத்து. சொத்து வைத்திருக்க ஒரு பகுதி மக்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அந்த மக்களின் வாக்குக்கு விலையில்லை. 1927 டிசம்பர் 25 அன்று மஹாத்தில் அம்பேத்கரும் தோழர்களும் அந்த நூலைக் கொளுத்தினார்கள். தாள் எரிந்தது. அளவுகோல் கோர்ட் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது.

வெள்ளைக்காரன் எழுதிய பத்திரம்

இந்தியாவுக்கான முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861இல் வந்தது. 1872, 1882 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தி எழுதப்பட்டது. கடைசியாக வந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம், 1973இல் புதுச்சட்டம் இயற்றப்பட்டு 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்வரை இருந்தது. அந்த 1898 சட்டத்தின் 499ஆம் பிரிவு, ஜாமீனில் போகிறவரும் அவருடைய ஜாமீன்தாரர்களும் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்றது. 514ஆம் பிரிவு, பத்திரத்தை மீறினால் பணத்தை வசூலிக்கும் வழியைச் சொன்னது. கட்ட முடியாத, ஜப்தி செய்தும் வசூலாகாத ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம் என்றும் சொன்னது. இந்த ஆறு மாதத்தை நினைவில் வையுங்கள். மறுபடி வருவோம்.

அதே சட்டத்தில் 109, 110 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. 109 பிழைப்புக்கு வழி காட்ட முடியாதவர்கள் மேலும் 'சந்தேகத்துக்குரியவர்கள்' மேலும் பாய்ந்தது. 110 'வழக்கமான குற்றவாளிகள்' என்று பேர்பெற்றவர்கள் மேல் பாய்ந்தது. குற்றம் எதுவும் நிரூபிக்கப்பட்டிருக்கத் தேவையில்லை. நன்னடத்தைக்கு ஜாமீன் கொடு என்று மாஜிஸ்திரேட் கேட்கலாம். கொடுக்க முடியவில்லை என்றால் சிறை. 110இல் அது மூன்று ஆண்டு வரை போகலாம். 122ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் ஜாமீன்தாரராக முன்வந்தாலும், 'இவர் தகுதியற்றவர்' என்று சொல்லி அவரை மாஜிஸ்திரேட் நிராகரிக்கலாம்.

கூலிக்காரனுக்கும் ஊர் ஊராகப் போகிறவனுக்கும் ஜாமீன் போட யார் வருவார்கள்? அவனைப் போன்ற இன்னொரு கூலிக்காரன்தான் வருவான். அவன் தகுதியற்றவன். 1871இல் தொடங்கி, 1911 சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்றது. இந்தப் பிரிவுகள் அந்தப் பட்டியலில் பேர் இல்லாத ஏழைகளையும் ஜாமீன் கிடைக்காததாலேயே குற்றவாளி ஆக்கின. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது. 109, 110 பிரிவுகள் அதே எண்ணோடு 1973 சட்டத்துக்குள் வந்தன. எண் மாறி இன்றைய சட்டத்திலும் இருக்கின்றன.

நம்மிடம் ஏன் ரசீது இல்லை

கோர்ட்டில் ஜாமீன்தாரரிடம் கேட்பது என்ன? பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது, சில இடங்களில் வண்டியின் ஆர்.சி. புத்தகம், வி.ஏ.ஓ. சான்று. சேரியில் பத்து வீட்டுக்குப் போனால் எத்தனை வீட்டில் இதெல்லாம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். சோம்பேறித்தனத்தால் இல்லாமல் போகவில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரரின் பிடியில் இருப்பதையும், இவர்கள் நிலம் வாங்குவதை ஊர் எப்படித் தடுக்கிறது என்பதையும் அதில் எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் அரசு ஒதுக்கிய நிலத்தைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலம் எப்படிக் கைமாறிப் போனது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல்தான். அதாவது சேரியில் நம் தாத்தா, பாட்டி தலைமுறை, தான் படுத்த இடத்துக்கே காகிதம் காட்ட முடியாத தலைமுறை.

அப்படிப்பட்டவர் போலீஸ் வழக்கில் மாட்டினால் பண்ணையார்தான் ஜாமீன் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு வட்டி இல்லை. ஆனால் விலை உண்டு. அடுத்த அறுப்புக்குக் கூலி உயர்வு கேட்க முடியாது. கொடி பிடிக்க முடியாது. தேர்தலில் அவர் சொன்ன சின்னம்தான். பழைய ஆட்கள் இதை நன்றிக்கடன் என்று சொல்வார்கள். நாம் அதை இன்னொரு அடிமை முறியாகத்தான் பார்க்க வேண்டும். ஜாமீன்தாரர் இல்லாத மக்கள் போராட்டத்தில் இறங்கவே பயப்படுவார்கள் என்பது ஆதிக்கச் சாதிக்கு நன்றாகத் தெரியும். எதிர்வழக்கு போடுவது ஏன் இவ்வளவு வழக்கமாகிப்போனது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் ஜாமீனோடு நிற்பதும் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அப்போது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று, இவ்வளவு நிலமும் காரும் வைத்திருப்பவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது. நிலம் இருப்பவன் செய்திருக்க மாட்டான். நிலம் இல்லாதவன் ஓடிப்போய்விடுவான். இரண்டும் ஒரே நம்பிக்கைதான்.

ஒரு கொத்தனாரின் வழக்கு

இந்த அளவுகோலை உச்ச நீதிமன்றமே கேள்வி கேட்ட காலம் ஒன்று வந்தது. 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு. மத்தியப் பிரதேசத்துக்காரர். உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. தொகையை முடிவு செய்யும் பொறுப்பைக் கீழ்க்கோர்ட்டிடம் விட்டது. மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். 1978இல் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம். அவருடைய அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் போட முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். நாட்டின் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்த பிறகும் அந்தக் கொத்தனார் உள்ளேயே இருந்தார்.

வழக்கு மீண்டும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரிடம் வந்தது. வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஒரு ஜாமீன்தாரரை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று அவர் தீர்ப்பு எழுதினார். ஜாமீன் என்ற சொல்லுக்குள் ஜாமீன்தாரர் இல்லாத சொந்த ஜாமீனும் அடங்கும் என்றார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அவரை விடச் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஹுசைனாரா காட்டூன் வழக்கு. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர், குற்றம் நிரூபிக்கப்பட்டிருந்தால்கூடக் கிடைத்திருக்கக்கூடிய தண்டனைக் காலத்தைவிட அதிகமாக உள்ளே கிடந்தார்கள். நாளிதழில் வந்த கட்டுரைகளைப் படித்து வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஜாமீன் கொடுக்க வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஏழைகள் சிறையில் இருப்பதை நீதிபதி பி.என். பகவதி வெளிப்படையாகக் கண்டித்தார். ஒருவருக்கு ஊரில் வேர் இருக்கிறதா, குடும்பம் இருக்கிறதா, வேலை இருக்கிறதா, எத்தனை நாளாக அங்கே வாழ்கிறார் என்று பாருங்கள். ஓடிப்போக மாட்டார் என்று தெரிந்தால் சொந்த ஜாமீனில் விடுங்கள் என்றார். நிலம் இல்லாதவருக்கும் வேர் உண்டு என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு அது. நம் மனுக்களில் இந்த இரண்டு தீர்ப்புகளும் இருக்க வேண்டும்.

அதன்பிறகு சட்டம் மெல்ல நகர்ந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம், ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்றது. 2022 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாளன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றி நீதிபதிகள் முன்னிலையிலேயே பேசினார். ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களின் விவரத்தை உச்ச நீதிமன்றம் சிறைகளிடம் கேட்டது அதற்குச் சில நாள் கழித்துத்தான். 2023 ஜனவரி 31 அன்று அது வழிகாட்டுதல்கள் கொடுத்தது. ஜாமீன் ஆர்டர் வந்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறை அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்கப்படவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. 1978இல் கொத்தனாருக்குச் சொன்னதை 45 ஆண்டு கழித்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அதே 2023இல் ஒன்றிய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று அப்போது அது சொன்னது. 2024 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. பல வழக்குகளில் ஜாமீன் கிடைத்த ஒருவரிடம் ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனி ஜாமீன்தாரர்கள் கேட்கப்பட்டார்கள். அத்தனை பேருக்கு அவர் எங்கே போவார், நெருங்கிய உறவும் நண்பரும் தவிர யார் ஜாமீன் போட வருவார்கள் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், அதே ஆட்களே எல்லா வழக்குக்கும் போதும் என்றது.

தீர்ப்புகள் இப்படி இருக்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் பங்கு 16.6 சதவீதம்தான்.

கையெழுத்துப் போட்டால் என்ன பொறுப்பு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. ஜாமீன் பத்திரம், ஜாமீன்தாரர் பற்றிய பிரிவுகள் அதில் 485 தொடங்கி வருகின்றன. பெயர் புதியது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 1898இன் வாரிசு.

ஜாமீன்தாரர் ஏற்கும் முதன்மையான கடமை, சம்பந்தப்பட்டவரை வாய்தாவுக்கு வரவைப்பது. அவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு ஜாமீன்தாரர் பொறுப்பில்லை. வழக்கில் தண்டனை கிடைத்தால் அதில் ஜாமீன்தாரருக்குப் பங்கில்லை. அவர் ஓடிப்போனால் 'ஜாமீன் போட்ட உன்னை உள்ளே தள்ளுவேன்' என்று போலீஸ் மிரட்டினால், அதற்குச் சட்டம் இல்லை. ஜாமீன்தாரரின் பொறுப்பு பணத்தளவில்தான், அதுவும் கோர்ட் வழியாகத்தான்.

பத்தாயிரம் ரூபாய்க்கு இருவர் ஜாமீன் என்றால் ஆளுக்கு ஐந்தாயிரம் என்று பலர் நினைக்கிறார்கள். 'ஒவ்வொருவரும் அதே தொகைக்கு' என்று ஆர்டரில் இருந்தால் ஆளுக்குப் பத்தாயிரம். கையெழுத்துப் போடும் அன்று யாரும் பணம் கட்டுவதில்லை. அதனால்தான் அது சும்மா ஒரு கையெழுத்து போலத் தோன்றுகிறது.

வாய்தா தவறினால் நடப்பது 491ஆம் பிரிவில் இருக்கிறது. பத்திரம் மீறப்பட்டதாக கோர்ட் காரணத்தோடு பதிவு செய்கிறது. பிறகு, தொகையைக் கட்டு அல்லது ஏன் கட்டக் கூடாது என்று காரணம் சொல் என்று ஜாமீன்தாரரைக் கேட்கிறது. இப்படி வாய்ப்புக் கொடுக்காமல் வசூலிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1960இலேயே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. காரணம் ஏற்கப்படாமல் பணமும் கட்டாவிட்டால், அபராதத்தை வசூலிப்பதுபோல வசூலிக்கலாம். ஜப்தி வரை போகலாம். அப்படியும் வசூலாகவில்லை என்றால் ஜாமீன்தாரரை ஆறு மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். 1898இல் பார்த்த அதே ஆறு மாதம். வீட்டில் ஜப்தி செய்ய எதுவும் இருப்பவருக்கு அது வராது. எதுவும் இல்லாதவருக்குத்தான் வரும்.

அதே பிரிவில் தப்பிக்கும் வழிகளும் உண்டு. தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. பத்திரம் மீறப்படுவதற்கு முன் ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவர் சொத்துக்கோ பிள்ளைகளுக்கோ பொறுப்பு இல்லை. வசூல் உத்தரவின் மேல் 495ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது 489ஆம் பிரிவு. எப்போது வேண்டுமானாலும் ஜாமீன்தாரர் கோர்ட்டுக்குப் போய் 'என்னை விடுவியுங்கள்' என்று மனுக் கொடுக்கலாம். கோர்ட் அந்த நபரை வாரண்ட் போட்டு வரவழைத்து, இவரை விடுவித்து, வேறு ஜாமீன் கேட்கும். பையன் ஊரைவிட்டுப் போகிறான், பேச்சைக் கேட்பதில்லை என்று தெரிந்த அன்றே இதைச் செய்யலாம். நோட்டீஸ் வந்த பிறகு செய்தால் காலம் கடந்துவிடும்.

வேறு சில ஆபத்துகளும் இருக்கின்றன. கையெழுத்துப் போடுபவர் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் போட்டிருக்கிறார் என்று உறுதிமொழி தர வேண்டும். மறைத்தால் அது தனி வம்பு. கோர்ட் வாசலில் கூலிக்கு ஜாமீன் ஏற்பாடு செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நம் ஆட்களின் ஆதார் நகலையும் வரி ரசீதையும் கொடுத்துவிட்டு வந்தால், யாருக்கெல்லாம் அது ஜாமீனாகப் போகும் என்று நமக்குத் தெரியாது. போலிக் காகிதம் கொடுத்தால் ஜாமீன்தாரரே குற்றவாளி ஆகிவிடுவார். ஒருமுறை பத்திரம் மீறப்பட்டு ரத்தானால், தக்க காரணம் இல்லாதபோது அந்த நபரை மறுபடி சொந்தப் பத்திரத்தில் மட்டும் விட சட்டம் இடம் தராது. ஒரு வாய்தா தவறுவது அவனுடைய கதவையே அடைக்கிறது.

நாங்கள் இப்போது செய்வது

பெரியம்மாவின் நோட்டீசுக்குப் பிறகு எங்கள் வேலைமுறையை மாற்றிக்கொண்டோம்.

முதலில், ஜாமீன்தாரர் தேடுவதற்கு முன்பே சொந்த ஜாமீன் கேட்கிறோம். நம் வழக்கறிஞர்களே சிலசமயம் 'அதெல்லாம் கொடுக்க மாட்டாங்க' என்பார்கள். எழுத்தில் கேட்காததைக் கோர்ட் கொடுக்காது. பையன் எத்தனை ஆண்டாக ஊரில் இருக்கிறான், வீட்டில் யார் யார், எங்கே வேலை, எங்கே படிப்பு என்று எல்லாவற்றையும் மனுவில் எழுதச் சொல்கிறோம். தொகை அதிகம் என்றால் குறைக்க மனுப் போடுகிறோம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து உள்ளே இருக்க வேண்டியதில்லை.

ஜாமீன்தாரர் தேவைப்பட்டே தீரும் என்றால், மாலை மூன்றரை மணிக்குக் கோர்ட் வாசலில் கேட்பதில்லை. முந்தைய நாளே வீட்டுக்குப் போய், குடும்பத்தில் எல்லோரும் இருக்கும்போது சொல்கிறோம். எவ்வளவு தொகை, எத்தனை காலம், என்ன நடந்தால் நோட்டீஸ் வரும், வந்தால் யாரிடம் வர வேண்டும் என்று சொல்கிறோம். 'முடியாது' என்று அவர் சொன்னால் அவரைத் துரோகி என்று யாரும் பேசக் கூடாது. ஒரே ஒரு சென்ட் மனை வைத்திருக்கும் அம்மாவின் பயம் நியாயமான பயம்.

பத்திரத்தின் நகலை ஜாமீன்தாரரிடமே கொடுக்கிறோம். எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வழக்கு எண், கோர்ட், அடுத்த வாய்தா, பையனின் எண், அவன் வீட்டில் இன்னொருவரின் எண், ஜாமீன்தாரர் பெயர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மூன்று நாள் முன்பு ஒருவர் போன் செய்ய வேண்டும். வர முடியாத நாளில் வக்கீல் மூலம் முன்கூட்டியே மனுப் போட வேண்டும். கூட்டம் நடத்துவதைவிட இது சலிப்பான வேலை. ஆனால் இந்த நோட்டை ஒழுங்காக வைத்திருக்கும் ஊரில்தான் அடுத்த முறை கையெழுத்துப் போட ஆள் வருகிறார்கள்.

வெளியே வந்த தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உனக்காகப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர் உன் கட்சித் தலைவர் இல்லை. பெரும்பாலும் அது ஒரு அம்மா, ஒரு அத்தை, நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருவர். அவர்களுக்குச் சட்டம் தெரியாது, உன்னைத் தெரியும். நீ வேலைக்கு எங்கே போனாலும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போ. எண் மாறினால் சொல். வாய்தாவை மறந்துவிடாதே.

அந்தப் பெரியம்மா கதைக்கு வருவோம். பையனைத் திருப்பூரிலிருந்து அழைத்துவந்து கோர்ட்டில் நிறுத்தி வாரண்டை ரத்து செய்யவைத்தோம். வக்கீலிடம் இருந்த எண் மாறியதால் வாய்தா தெரியாமல் போனதை மனுவில் எழுதினோம். கோர்ட் தொகையைக் குறைத்தது. மீதியை எங்களில் ஆறு பேர் போட்டுக் கட்டினோம். பெரியம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "இதெல்லாம் அன்னைக்கே சொல்லியிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்பா. பத்து நாள் தூங்காம இருந்திருக்க மாட்டேன், அவ்ளோதான்" என்றார்.

காகிதம் இருப்பவரை மட்டும் நம்பும் சட்டத்தின் முன்னால், காகிதமே இல்லாத ஒரு சமூகம் ஒருவரை ஒருவர் நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கோர்ட் ஏற்க வேண்டும் என்பதற்காகச் சண்டை போடுவோம். அதுவரை, அதை நாமே வீணாக்காமல் பார்த்துக்கொள்வோம்.